தகரம் படியாத கூரை

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டி முடியாமல் கலியாணம் நடக்காது. காத்தான்குடியில் இது யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனாலும் சுவர் எழும்புவதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிப்பார்கள். என் மூத்த சகோதரி ராத்தாவின் வீடு ஜன்னல் மட்டத்துக்கு வந்ததுமே, நோன்புக்கு முந்திய மாதத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். பல்கலைக்கழகம் போவதற்கு அவள் எழுத வேண்டிய ஏ.எல் சோதனை நோன்புக்குப் பிறகு.

"கலியாணம் முடிச்சிட்டும் எழுதலாம்தானே," என்றார் வாப்பா. அப்படிச் சொல்லப்பட்ட பெண்கள் எங்கள் ஒழுங்கைத் தெருவில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருத்தியும் எழுதியதில்லை. ராத்தா கணக்குக் கொப்பியோடு பின்பக்கம் போய்விட்டாள். ஒன்பது வயதான எனக்கோ கலியாணத்துக்கு என்ன சட்டை என்பதுதான் பெரிய கவலை.

அப்போதுதான் உம்மாவின் ஒரே தம்பியான மாமா கட்டாரிலிருந்து வந்தார். எட்டு வருஷம் அங்கே வளைந்து வளைந்து போகும் பெரிய கூரைகளுக்குப் பலகை அடித்தவர். மருமகளுக்கு என் அன்பளிப்பாக முன்கூரையை நான் போடுகிறேன் என்றார். தூண்களை நாட்டி, முன்விட்டத்தை ஒரு பக்கம் சரித்தார், பின்விட்டத்தை மறுபக்கம் சரித்தார். இடையில் கைமரங்களை வரிசையாகப் போட்டார். ஒவ்வொரு மரமும் நூல் பிடித்த மாதிரி நேர். தள்ளி நின்று பார்த்தால் மொத்தக் கூரையும் முறுகி வளைந்திருந்தது. நேரான மரங்களுக்குள் வளைவு எங்கிருந்து வந்தது என்று நான் சுற்றிச் சுற்றித் தேடினேன்.

ராத்தாவுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. நேர்கோடுகளால் ஆன பரப்புகளை அவள் கொப்பியில் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தாள். கச்சான் கடலை சுற்றித் தரும் சுருளை விரித்தால் கடதாசி தட்டையாகிவிடும். பால்மா டின்னைச் சுற்றிய கடதாசியும் அப்படித்தான். அவை ஒரு வகை. முறுகியது மற்ற வகை. தட்டையான எதுவும் கசங்காமல் அதன்மேல் படியாது. இரண்டு பென்சில்களுக்கு இடையில் ஈர்க்குகளைக் கட்டி, பென்சில்களை எதிரெதிராகச் சரித்து, மேலே ஒரு கொப்பித் தாளை வைத்து மாமாவிடம் காட்டினாள். மூன்று மூலை படிந்தது, நாலாவது எழும்பி நின்றது.

"தகரம் இதில படியாது மாமா."

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "சோதனை எப்ப மகள்?" என்று கேட்டார். அவள் சொன்னாள். ஈர்க்குக் கூரையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இத ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க," என்றார். எங்கள் இருவரில் யாருடைய வாய்க்குப் பூட்டு வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கே எனக்கு ஒரு சுருள் கச்சான் வந்தது. மறுநாள் காலையில் தகரம் வந்து இறங்கியது.

தகரம் அடிக்கும் நாளில் மாப்பிள்ளையின் வாப்பாவும் வந்திருந்தார். ஒரு மூலையை அடித்தால் மறு மூலை எழும்பியது. மாமா ஏறி அந்த மூலையில் குந்தினார். உடனே பக்கத்து மூலை எழும்பியது. "இது கூரையா, ஊஞ்சலா?" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா. மாமா தலையைச் சொறிந்தார். "கட்டாரில சரியாத்தானே இருந்திச்சி மச்சான்," என்றார் வாப்பாவிடம். தகரத்தை மாற்றினார், ஆணியை மாற்றினார், மரத்தில் பிழை என்று கழற்றி மறுபடி பூட்டினார். விட்டத்தை மட்டமாக்கச் சொல்லி வாப்பா கத்தினார். உம்மா தன் தம்பியை யாரும் ஒரு சொல் சொல்ல விடவில்லை. இப்படியே நோன்பு பிறந்துவிட்டது. முன்கூரை இல்லாத வீட்டில் கலியாணம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டாரே நாளைத் தள்ளினார்கள்.

கட்டட வேலை செய்பவரை எங்கள் பக்கம் பாஸ் என்போம். ஊர் மாமாவுக்குக் 'கோணல் பாஸ்' என்று பெயர் வைத்தது. ஒழுங்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அவர் முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டேன். அவர் சிரித்தார். எனக்கு அவரை நினைத்து வெட்கமாக இருந்தது.

ராத்தா சோதனை எழுதினாள். கடைசித் தாள் முடிந்த மறுநாள் மாமா தகரத்தையெல்லாம் கழற்றி அடுக்கினார். கைமரங்களின்மேல் ஒடுக்கமான பலகைகளை அடித்து, கம்பி பரப்பி, கொங்கிறீற் போட்டார். மூன்றே நாளில் வேலை முடிந்தது. "கடைசியிலயாவது சரிவந்திச்சே," என்றது ஊர். கலியாணம் நடந்தது. சோதனை முடிவு வந்ததும் ராத்தா பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனாள். அவளுடைய மாப்பிள்ளையும் நல்ல மனுஷன், தடுக்கவில்லை.

மாமா கட்டாருக்கே திரும்பினார். உம்மா ஏன் அவ்வளவு அழுதார் என்று எனக்கு விளங்கவில்லை. போவதும் வருவதும் அவருக்கு வழக்கம்தானே என்று நினைத்தேன். அந்த முறை அவர் ஊரோடு இருந்து வீடுகள் கட்டிக் கொடுக்கத்தான் வந்திருந்தார் என்பதும், கோணல் பாஸை நம்பி ஒருவரும் ஒரு மதிலைக்கூடக் கொடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியவந்தபோது நானே ஏ.எல் படித்துக்கொண்டிருந்தேன். எட்டு வருஷம் அதே கூரைகளைப் போட்டவருக்கு, தகரம் படியாது என்று ராத்தா சொல்லித்தானா தெரிய வேண்டும்?

அன்று மாமா வேனில் ஏறும்போது நான் கேட்டில் நின்று, "கோணல் பாஸ், வரக்குள்ள சொக்லட் கொண்டாங்க," என்று கத்தினேன்.

"ஓம் மகள், கொண்டாறன்," என்றார்.