சொல்லாமல் விட்ட குழி

மைதானத்தில் அவரைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். முடிதிருத்துகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சீப்பு என்று ஒருவர் முயன்று பார்த்தார், ஒட்டவில்லை. வயது நாற்பத்து மூன்று. மூன்று நாற்காலி போட்ட சலூனில் நடு நாற்காலி அவருடையது. காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை சிமெண்ட் தரையில் நின்றபடியே வேலை. அந்தக் கடையில் உட்காரும் உரிமை வாடிக்கையாளருக்கு மட்டும்தான். இப்படி நாள் முழுக்க நிற்கிற மனிதர் காலை நேரத்திலாவது கால் நீட்டிப் படுத்திருக்க வேண்டாமா? இவரானால் ஐந்தரைக்கெல்லாம் மைதானத்தில் நிற்பார்.

தனியாக ஓடுவதற்கும் அல்ல. கண் தெரியாத ஒரு பெண்ணுக்கு வழிகாட்டியாக ஓடுவார். அவளை எல்லாரும் டெலிபோன் என்பார்கள். கரண்ட் போனால் ஊர் முழுக்கத் திட்டுவதற்கென்றே ஒரு எண் இருக்கிறதே, அதில் அந்தப்பக்கம் பொறுமையாகப் பதில் சொல்கிறவள் அவள்தான். இருவருக்கும் நடுவில் ஒரு முழத்துக்கும் குறைவான கயிறு, இரண்டு முனையிலும் வளையம். ஒன்று அவருடைய வலது மணிக்கட்டில், மற்றது அவளுடைய இடது மணிக்கட்டில். தோளோடு தோள், அடியோடு அடி. "வளைவு", "நேர்", "குழி வருது, உள்ள வா" என்று அவர் சொல்லச் சொல்ல அவள் ஓடுவாள். நான்கு வருடமாக இதுதான்.

இதில் அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், சம்பளம் கிடையாது, மெடல் கிடையாது. ஆனால் வீட்டில் அவர் பேச்சுக்கு மதிப்பு கொஞ்சம்தான். கடையிலோ வருகிறவர்கள் இவர் சொல்கிற மாதிரி வெட்டிக்கொண்டதே இல்லை. இந்த ஒரு பெண் மட்டும் அவர் 'தூக்கு' என்றால் காலைத் தூக்கினாள், ஏன் எதற்கு என்று கேட்காமல். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மனிதர் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் இடது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கமாக வலி தொடங்கியபோது வாயைத் திறக்கவில்லை.

முதலில் ஓடத் தொடங்கும்போது வலித்தது, சூடேறியதும் அடங்கியது. பிறகு ஓடி முடித்தபின் வலித்தது. பிறகு கடையில் நிற்கும்போதும் வலித்தது. அடிப்பக்கம் வழவழவென்று தேய்ந்துபோன பழைய ஷூவை மாற்றத் தோன்றவில்லை. தைலத்தைத் தேய்த்தார். எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நீவினார், இருந்த வலியும் இரண்டு மடங்காயிற்று. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினார். மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். அங்கே வாங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று இரண்டு தெரு தள்ளிப்போய் வேறு கடையில் வாங்கினார். இந்த சாமர்த்தியத்தில் பாதியை வைத்தியத்தில் காட்டியிருந்தால் கதையே இல்லை. மாவட்டத் தேர்வு ஓட்டத்துக்கு வேறு நாலைந்து மாதம்தான் இருந்தது. ஐயாயிரம் மீட்டரை இருபத்திரண்டு நிமிடத்துக்குள் ஓடினால் டெலிபோனுக்கு அணியில் இடம். இந்த நேரத்தில் கயிற்றைக் கீழே வைத்தால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஒருநாள் ஓடி முடித்ததும் அவளே சொன்னாள். "அண்ணா, எனக்கு ரெண்டு வாரமா வலது காலுல முழங்காலுக்குக் கீழ வலிக்குது. பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

கத்திரி குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். தனக்கு ஏழு வாரமாக இருக்கிற அதே வலி. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஒண்ணும் இருக்காதும்மா, போய்ப் பாத்துரலாம்" என்றார்.

பிசியோதெரபி அறை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒரு நீள வராந்தாவின் கோடியில் இருந்தது. ரெக்சின் கிழிந்த கட்டில், சுவரில் எலும்புக்கூட்டுப் படம், ஓரமாக ஒரு எடை மிஷின். அங்கே இருந்த இளம்பெண் டெலிபோனின் காலை மேலிருந்து கீழாக விரலால் அழுத்திக்கொண்டே போனாள். ஒரு சாண் நீளத்துக்கு எங்கே தொட்டாலும் வலித்தது. "பரவாயில்ல, எலும்பைச் சுத்தி இருக்கிற சவ்வுதான் புண்ணாகியிருக்கு" என்றவள், "எப்படி ஓடறீங்க? வராந்தாவுல ரெண்டு பேரும் ஓடிக் காட்டுங்க" என்றாள்.

பெஞ்சில் காத்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட, இருவரும் கயிற்றை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். திரும்ப ஓடச் சொன்னாள். மூன்றாவது தடவை அவள் தரையிலேயே உட்கார்ந்து கால்களைப் பார்த்தாள். பிறகு எழுந்து, "சார், நீங்க வந்து படுங்க" என்றாள்.

"எனக்கு எதுக்கு டாக்டரம்மா?"

"நான் டாக்டர் இல்ல, பிசியோ. படுங்க."

அவருடைய இடது காலில் விரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு இடத்தில், நாணயம் அளவுக்கு ஒரே ஒரு இடத்தில் தொட்டதும், மனிதர் கட்டிலைவிட்டு எழும்பிவிட்டார்.

"எத்தனை நாளா?"

"இப்பதான், ஒரு வாரமா லேசா..."

ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த டெலிபோன் முகத்தைத் திருப்பினாள். "பொய்" என்றாள். பிறகு, "எவ்ளோ நாளாண்ணா?"

"ஏழு வாரம்" என்றார்.

பிசியோ பூசி மெழுகவில்லை. இவர் வலிக்கிற காலைக் காப்பாற்றிக்கொள்ள இடது அடியைக் குறுக்கிக் குறுக்கி வைத்திருக்கிறார். அடிக்கு அடி ஒட்டி ஓடுகிற அவளும் தன்னையறியாமல் தன் இடது அடியைக் குறுக்கியிருக்கிறாள். இவருடைய நொண்டல் கயிறு வழியாக அவளிடம் போயிருக்கிறது. நல்ல கால் இருந்தவள் இவரோடு ஓடி ஓடியே நொண்டப் பழகிக்கொண்டாள். அந்தச் சுமைதான் அவளுடைய வலது காலில் இறங்கியிருக்கிறது.

கத்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. டெலிபோன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "பாதையில குழி இருந்தா சொல்றதுதானே உங்க வேலை? நாலு வருஷத்துல ஒரு குழி தவறவிட்டதில்ல நீங்க. இதை மட்டும் ஏன் சொல்லல?" என்று கேட்டாள். வாசலில் ஆட்டோவைக் கூப்பிட்டது அவள்தான். அவர் கை நீட்டியும், பிடிக்காமல் கம்பியைத் தடவி ஏறினாள்.

ஸ்கேனில் அவருடைய எலும்பில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் தெரிந்தது. "தலைமயிர் போதாதுன்னு காலுக்குள்ளயும் மயிரிழையா?" என்று மனைவி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்தபடிதான் தொடங்கினார், முடிக்கும்போது குரல் உடைந்திருந்தது. "மாத்திரைய இன்னொரு கடையில வாங்கினீங்களா? நான் உங்களுக்கு அவ்ளோ வேத்தாளாப் போயிட்டேனா?"

டெலிபோனுக்கு மூன்று வாரம் ஓய்வு. அவருக்கு ஆறு வாரம் ஓடவே கூடாது. கடையில் உயரமான ஸ்டூல் ஒன்று போட்டு, உட்கார்ந்தபடியே வெட்டப் பழகினார். தரையில் ரப்பர் விரிப்பு. ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி வைத்தல், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஏற்றி இறக்குதல், நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தின் முன்பக்கத்தை மட்டும் தூக்குதல் என்று காலையும் மாலையும் ஒழுங்காகச் செய்தார். காலுக்குச் செய்தார், மனசுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விடிந்தால் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும். கூரையைப் பார்த்தபடி, அவளுடைய மூன்று வாரத்தைத் தின்றவன் நான்தானே என்று படுத்துக்கிடப்பார்.

பத்து நாள் கழித்து மதிய நேரத்தில் கடைக்குப் போன் வந்தது. "புகார் எண்ணிலிருந்து பேசறேன். பத்துக்கு எத்தனை வலி?"

"ஒண்ணும்மா, ஒண்ணே ஒண்ணு."

"அண்ணா, கரண்ட் போய் அஞ்சு நிமிஷம் ஆனவங்க மூணு மணி நேரமாச்சுன்னு சொல்ற போன்ல நான் உக்காந்திருக்கேன். எத்தனை?"

"நாலு" என்றார். அன்றிலிருந்து தினமும் ஒரு மணிக்கு அந்த எண் கேட்கப்பட்டது, அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எண்ணைக் கேட்டதும் போனை வைத்துவிடுவாள்.

நான்காவது வாரம் கயிறு பால்வண்டியின் கைக்குப் போயிற்று. பால் வேன் ஓட்டுகிற இளைஞர், வேகமான ஆள், வாத்து மாதிரி ஓடுவார் என்று கத்திரியே பலமுறை கிண்டலடித்திருக்கிறார். அந்தப் பக்கமே கத்திரி போகவில்லை. கால்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டார், வயிற்றெரிச்சல் என்பதே உண்மை. ஆனால் ஒருநாள் பால்வண்டியே ஷேவிங்குக்கு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கத்திரி அண்ணே, வளைவு முடியற இடத்துல அவங்க வெளிய தள்ளிப் போயிடறாங்க. ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு செகண்ட் போகுது. நீங்க என்ன பண்ணுவீங்க?"

முகத்தில் நுரை, கழுத்தில் கத்தி. சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று கத்திரி நினைத்தார். ஒரு கன்னம் முழுக்க மழிக்கிற நேரம் வரை நினைத்தார். பிறகு கத்தியைத் துடைத்துவிட்டு, "நேருக்கு வந்தப்புறம் 'நேர்'னு சொல்லாத. மூணு அடி முன்னாடியே சொல்லு. அவளுக்குத் திரும்பறதுக்கு அவ்ளோ இடம் வேணும்" என்றார். மறு கன்னத்தில் கத்தி லேசாகக் கீறிவிட்டது. படிகாரம் வைத்து அழுத்தினார்.

ஆறு வாரம் முடிந்ததும் புது ஷூ போட்டுக்கொண்டு பூங்காப் புல்லில் தொடங்கினார். ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை. அடுத்த வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம். நடை பழகும் முதியவர்கள்கூட அவரைத் தாண்டிப் போனார்கள். பன்னிரண்டாவது வாரம் அரை மணி நேரம் வலியில்லாமல் ஓட முடிந்தது. போனில் 'பூஜ்யம்' என்றார். "நாளைக்கு வாங்க" என்றாள்.

கயிறு திரும்பக் கிடைத்தது. பேச்சு மட்டும் பழையபடி வரவில்லை. முன்பெல்லாம் அவர் தூக்கச் சொன்னால் தூக்குகிறவள், இப்போது சொன்னபிறகு ஒரு கண நேரம் யோசித்துத் தூக்கினாள். அந்த ஒரு கணம் அவரைக் குத்தியது. நியாயம்தான் என்று எண்ணிக்கொண்டார்.

தேர்வு நாள் வந்தது. பந்தயத்தில் வழிகாட்டியை ஒரே ஒரு முறை, முடிவுக்கோட்டுக்கு எதிர்ப்புற நேர்ப்பாதையில் மாற்றிக்கொள்ளலாம். முடிவுக்கோட்டில் கயிறு யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அணியோடு கூடப் போவார் என்று மாவட்டத் தடகளச் சங்கம் முடிவு செய்திருந்தது. கத்திரி ஓடுவதாகவும், தேவைப்பட்டால் மட்டும் பால்வண்டி வருவதாகவும் ஏற்பாடு. "வலி மூணைத் தாண்டினா நிறுத்திடணும்" என்று பிசியோ சொல்லியிருந்தாள்.

பன்னிரண்டரைச் சுற்று. ஏழு சுற்று வரை எல்லாம் சரியாகப் போனது, நேரமும் கைக்குள் இருந்தது. எட்டாவது சுற்றின் முதல் வளைவில் அதே நாணயம் அளவு இடம் பற்றிக்கொண்டது. இரண்டு. இருபது அடி போவதற்குள் மூன்று. இன்னும் ஐந்து சுற்றுகூட இல்லை, பல்லைக் கடித்தால் முடிந்துவிடும். முடித்தால் அணியில் அவள் பக்கத்தில் அவர்தான். நான்கு வருடம் விடியலில் எழுந்ததெல்லாம் இதற்குத்தானே என்று மனசு கெஞ்சியது. எதிர்ப்புறத்தில் பால்வண்டி தயாராக நிற்பது தெரிந்தது. அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் சொல்வதற்கே ஒன்றும் இருக்காது, அடுத்த சுற்று வரை நொண்ட வேண்டியதுதான்.

"வலிக்குதும்மா" என்றார். "மூணு. ஏறுது."

அவள் தலையைத் திருப்பவில்லை. "மாத்துங்க" என்றாள்.

கையை உயர்த்தினார். பால்வண்டி ஓடிவந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டார். கத்திரியின் மணிக்கட்டிலிருந்து கழன்ற வளையம் இன்னொரு கைக்குப் போக நான்கு அடிகூட ஆகவில்லை. அவள் வேகம் குறையவே இல்லை. கத்திரி புல்லில் இறங்கி, முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு நின்றார். மூச்சு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

நான்கு வருடமாக அவள் பக்கத்திலேயே ஓடியவர். கண் எப்போதும் பத்தடி முன்னால் பாதையில்தான் இருக்கும், குழியைத் தேடிக்கொண்டு. அவள் ஓடி அவர் பார்த்ததே கிடையாது. இப்போது அவள் தூரத்தில் வளைவுக்குள் போய்க்கொண்டிருந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. இரண்டு காலும் ஒரே அளவாக விழுந்து எழுந்தன, ஒன்றில்கூடக் குறை இல்லை. அவருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மீதிச் சுற்றுகள் முழுவதும் பார்த்தார்.

இருபத்தொரு நிமிடம் ஐம்பத்தாறு வினாடி. பட்டியலில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பால்வண்டியின் பெயரை எழுதினார்கள். கத்திரி நொண்டியபடி மைதானத்தைச் சுற்றி வருவதற்குள் கூட்டம் கலைந்திருந்தது. அவள் தண்ணீர் பாட்டிலோடு புல்லில் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தத்திலேயே அவர்தான் என்று தெரிந்துகொண்டாள்.

"எல்லாரும் டைம் சொல்றாங்கண்ணா. நான் எப்படி ஓடறேன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க பாத்தீங்களா?"

கத்திரி வலிக்கிற காலை நீட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னைக்குத்தாம்மா பாத்தேன்" என்றார். அவள் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவர் முதல் அடியிலிருந்து சொல்லத் தொடங்கினார்.