கம்பெனி பஸ்ஸில் ஜாஸ்

ஐம்பதை நெருங்கும் வயதில் ஜாஸ் கேட்க ஆரம்பித்தவனுக்குத் துணை கிடைப்பது அரிது. ஓசூரில் மிக அரிது. கைபேசியில் ஒரு கர்நாடக சாக்ஸபோன் கச்சேரி முடிந்ததும் செயலி தானாகவே ஏதோ வெளிநாட்டு இளைஞர்களின் ஜாஸ் குழுவுக்குத் தாவியது. அணைக்கப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது. பிறகு முறையாகத் தேடினேன். மறைந்த மேதைகளைப் புகழ ஆட்கள் நிறைய உண்டு. எனக்கு இன்று உயிரோடு இருந்து இன்று வாசிப்பவர்கள் வேண்டும். மூன்று முறை கேட்காமல் எதையும் ஒதுக்குவதில்லை என்று விதி வைத்துக்கொண்டேன். பெரும்பாலானவை முதல் முறையிலேயே சகிக்கவில்லை. விதிக்காக மீதி இரண்டு முறையும் சகித்தேன்.

தேறியவற்றில் ஒன்று, ஒரு பெண் தானே கிதார் வாசித்துப் பாடும் ப்ளூஸ். இன்னொன்று பியானோ, பாஸ், டிரம் மட்டுமே உள்ள ஜாஸ். அதில் டிரம்மைக் குச்சியால் அடிக்காமல் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார்கள்.

தனியாகத் தலையாட்டுவது சலித்துவிட்டது. இன்னும் ஒருவராவது ரசிக்க வேண்டும். வீட்டில் போட்டுப் பார்த்தேன்; மனைவி மிக்ஸியைப் போட்டாள். மிச்சமிருந்தது கம்பெனி பஸ். மத்திகிரியிலிருந்து கிளம்பும் எங்கள் பஸ்ஸில் நாளுக்கு ஒருவர் பாட்டு போடுவது வழக்கம். சீட்டுக் குலுக்கியதில் வியாழன் எனக்கு வந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் அந்த மூவர் ஜாஸைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பஸ் நிறைய இருப்பவர்கள் கியர்பாக்ஸ் செய்கிறவர்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பியானோ வருவதற்கு முன் வெகுநேரம் பிரஷ் மட்டும்தான். ஓட்டுநர் கியரைக் குறைத்தார், கூட்டினார், வண்டியை ஓரங்கட்டினார்.

"வீல் பேரிங் போயிருச்சுப்பா."

"பேரிங்னா ஊளையிடும்லா? இது பெல்ட்டு உரசுது," என்றார் என் பக்கத்து இருக்கைக்காரர். திருநெல்வேலியிலிருந்து வந்து அசெம்பிளியில் வேலை பார்ப்பவர்.

நான் வாய் திறப்பதற்குள் நான்கைந்து பேர் இறங்கி வண்டிக்கடியில் குனிந்துவிட்டார்கள். ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை.

"அது பாட்டுங்க," என்றேன்.

"இதா? ரிப்பேர்னு வாசிக்கிறவங்ககிட்ட ஆரும் சொல்லலியா?" என்றார் ஓட்டுநர்.

வியாழக்கிழமையை அங்கேயே பறித்து வேறொருவரிடம் கொடுத்தார்கள். எதிர்ப்பு ஒன்றும் இல்லை, நானும் தெரிவிக்கவில்லை.

மறுநாள் காலை திருநெல்வேலிக்காரர் என் இயர்போனில் ஒன்றை உரிமையோடு உருவிக்கொண்டார். "அண்ணாச்சி, அந்தப் பெல்ட்டு சத்தத்தக் கொஞ்சம் போடுங்க."

போட்டேன். வழியெல்லாம் அவர் முகத்தில் எந்த அபிப்பிராயமும் இல்லை. கம்பெனி கேட் வந்தது, எல்லோரும் இறங்கினார்கள். நான் எழுந்தேன்.

"இரிங்க அண்ணாச்சி," என்று என் சட்டையைப் பிடித்தார். "பியானோக்காரன் இப்பதான் என்னமோ சொல்ல வாரான்."

உட்கார்ந்தேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் சாமி, ரெண்டு பேரும் ஷெட்டுக்கே வரீங்களா?"