வாளியின் மேல் வைத்த கத்தி

என் மனைவியைப் புதைத்தபோது என் கத்தியையும் சேர்த்துப் புதைத்துவிட்டோம். இது எனக்கு உறைத்தது மறுநாள் காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்தபோது. வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். கோபம் வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே வரவில்லை, அழுகை உட்பட.

எங்கள் லயத்து வீடுகளில் சவப்பெட்டியை மூடும் முன் இறந்தவர் பிரியமாக வைத்திருந்ததை உள்ளே வைப்பது வழக்கம். அவளுக்கு வெற்றிலைப் பை. அவளுடைய தங்கச்சி, என் மைத்துனி, அந்தத் துணிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, அக்கா பையையும் வச்சிரவா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். வீட்டைக் கொளுத்தவா என்று கேட்டிருந்தாலும் அப்போது தலையாட்டியிருப்பேன். பைக்குள் பாக்கோடும் சுண்ணாம்பு டப்பாவோடும் என் மடக்குக் கத்தியும் இருந்தது. அதற்கு முன்பு பல கத்திகளைத் தொலைத்தவன் நான். அதனால் வேலை முடிந்ததும் அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வாள். "ஒங்கள நம்பி ஒரு ஊசியக்கூட விட்டு வைக்க ஏலாது" என்பாள்.

நாங்கள் இருவரும் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், நர்சரியில் ஒட்டுப் போடுகிறவர்கள். கன்றின் அடிப்பட்டையில் சின்ன ஜன்னல்போல நான் கீறுவேன். பால் வடியும். அது வடிந்து நிற்பதற்குள் அவள் அதே கத்தியை எடுத்து, நல்ல சாதி மரத்துக் கொப்பிலிருந்து மொட்டோடு ஒரு துண்டுப் பட்டையைச் சீவுவாள். நான் பாலைத் துடைப்பேன், அவள் மொட்டை உள்ளே பொருத்துவாள், பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிக் கட்டுவாள். வரிசை வரிசையாகக் குந்தியபடியே நகர்கிற வேலை. மடக்காத கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தினால் தொடையைப் பதம் பார்க்கும்.

கத்தியை நாங்கள் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் சண்டை வருமாம். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். கவிழ்த்த வாளியின் மேல் நான் வைப்பேன், அவள் எடுப்பாள். அவள் வைப்பாள், நான் எடுப்பேன். இவ்வளவு ஒழுங்காக இருந்தும் நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது. உப்புக்குச் சண்டை, ரேடியோவுக்குச் சண்டை, வாளியை யார் தூக்கி வைப்பது என்று சண்டை. பிறகு எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்து வீட்டுக்கு வந்தது பெட்டிதான்.

கருமாதி முடிந்ததும் நர்சரி ஐயா வந்தார். சிங்களவர், எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். "மாமா, கன்னு எல்லாம் ரெடி. கத்தியும் கட்ட ஆளும் பாத்துக்குங்க. இல்லன்னா நான் வேற ஜோடி போடணும், நீங்க மரத்துல பால் வெட்டத்தான் போகணும்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவள் குந்தியிருந்த வரிசையில் வேறு யாரோ குந்துவதை நான் பார்க்க விரும்பவில்லை. அந்த நேரத்தில் எனக்கென்று இருந்த ஒரே விருப்பம் அதுதான். கட்டுவதற்கு மைத்துனி வருவதாகச் சொன்னாள், அவளும் நர்சரிக்காரிதான். கத்தி என் பாடு.

கத்தி என்றால் கடையில் தொங்குகிறது என்று நினைப்பீர்கள். தொங்கத்தான் செய்கிறது. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. காலையில் தீட்டினால் தேத்தண்ணி நேரத்துக்குள் மழுங்கிவிடும். மழுங்கிய கத்தி பட்டையை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடத்தில் மொட்டு கறுத்துச் செத்துப்போகும். தோட்டத்தில் கொடுக்கும் கத்தியும் அந்த ரகம்தான். நல்ல இரும்பு வேண்டுமென்றால் வெளிநாட்டுக் கத்தி இருக்கிறது, மைத்துனி போனில் காட்டினாள். அதன் விலைக்கு ஒரு மாசம் சமைக்காமல் இருக்க வேண்டும். அது எனக்குப் பெரிய கஷ்டமில்லை, எப்படியும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆனால் பட்டையில் வைத்துப் பார்க்காமல், படத்தைப் பார்த்து எப்படிக் கத்தி வாங்குவது?

சீவிப் பார்க்கச் சட்டைப் பையில் ஒரு ரப்பர் மரக் கொப்பைப் போட்டுக்கொண்டு டவுனுக்கு இறங்கினேன். இரும்புக் கடை முதலாளியிடம் "நவன பிஹியக்" என்று சிங்களத்தில் மடக்குக் கத்தி கேட்டேன். ஒன்றைத் திறந்து என் கைக்கு நேராக நீட்டினார். நான் வாங்கவில்லை. அவருக்கு அது புரியவில்லை, பிடிக்கவில்லை என்று நினைத்து அடுத்ததை நீட்டினார். அதற்கடுத்ததை நீட்டினார். "மேசே உட தியன்ன", மேசை மேல் வையுங்கள் என்று கையைக் காட்டினேன். மேசையில் வைத்துவிட்டு, இந்த ஆளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்பதுபோல் பார்த்தார். எடுத்துக் கொப்பைச் சீவினேன். மூன்றாவது சீவலில் வழுக்கியது. மடக்கி வைத்துவிட்டு வந்தேன். யட்டியாந்தோட்டையிலும் அவிசாவளையிலும் இதே கதைதான்.

கடைசியில் பஸ் ஏறி இரத்தினபுரி வரைக்கும் போனேன். கடைவீதியில் எங்கள் ஆள் ஒருவரின் சாமான் கடை. மாணிக்கம் தோண்டும் கற்குழிக்குக் கயிறு, மண்வெட்டி, கூடை எல்லாம் விற்பவர். நெற்றியில் திருநீறு, கல்லாவுக்கு மேலே முருகன். விஷயத்தைச் சொன்னேன். மனைவி போனதையும் சொன்னேன், பஸ் தாமதமானதைச் சொல்வதுபோல. அவர் கல்லாவை விட்டு எழுந்தார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தார்.

"இது கொஞ்சம் அசிங்கமா இருக்கும் அண்ணே. துருப் பிடிச்சிருக்குன்னு யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க" என்றார். ஒரு கத்தியை விரித்துக் கண்ணாடி மேசையில் வைத்துக் கையை எடுத்துக்கொண்டார்.

அவர் வைத்த விதத்தைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் கத்தியைப் பார்த்தேன். கறுத்த அலகு, ஓரத்தில் பழுப்பாகத் துரு, மரப்பிடியில் கீறல்.

"பளபளன்னு இருக்கிற மலிவுச் சாமான் துருப் பிடிக்காது, கூரும் நிக்காது. இது துருப் பிடிக்கும், ஆனா கூரு நிக்கும். தெனமும் எண்ணெ போட்டுத் தொடைக்கணும், அதுக்குத்தான் இப்ப ஆளில்ல" என்றார்.

என் பழைய கத்தியும் துருப் பிடிக்கிற ஜாதிதான். அதற்குத் தினமும் தேங்காய் எண்ணெய் போட்டது யார் என்பது எனக்கு அந்தக் கடையில் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. நான் ஒரு நாளும் போட்டதில்லை. தலைக்கு வைத்த கையோடு அவள் கத்திக்கும் தடவிவிடுவாள். கொப்பைச் சீவினேன். வெண்ணெயில் போவதுபோல் போனது. பத்துச் சீவலுக்குப் பிறகும் அப்படியே போனது. அசிங்கமான சாமான் என்பதால் விலையும் என் கைக்கு எட்டியது. சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. படவில்லை. காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை மைத்துனியோடு நர்சரியில் குந்தினேன். வாளியைக் கவிழ்த்து நடுவில் போட்டாள். முதல் கன்றில் கீறினேன். சுத்தமான கீறல், பட்டை நார் பிரியவில்லை. பால் வெள்ளையாக வடிந்தது. கத்தியை வாளி மேல் வைத்துவிட்டுத் துணியை எடுத்தேன்.

பால் நின்றது. துடைத்தேன். கத்தி வாளி மேலேயே இருந்தது. நானும் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். மைத்துனி நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மொட்டையும் நானே சீவித் தருவேன், தன் வேலை கட்டுவது மட்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அது பேச வேண்டிய விஷயமாகத் தோன்றியதே இல்லை.

"மாமா, பட்ட காயுது. யாருக்குப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"ஒங்க அக்கா எடுக்கட்டும்னுதான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. பக்கத்து வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போய்விட்டாள் என்பது எனக்கு அந்த வாளியைப் பார்த்துத்தான் தெரிந்தது. பெட்டியைப் பார்த்தபோதுகூடத் தெரியவில்லை.

மைத்துனி முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். வாளியிலிருந்து கத்தியை எடுத்து, கொப்பிலிருந்து மொட்டைச் சீவினாள். அக்காவைப் போலவே பெருவிரலைப் பின்னால் கொடுத்துச் சீவினாள். மொட்டைப் பொருத்திக் கட்டிவிட்டு, கத்தியைத் திரும்ப வாளி மேல் வைத்தாள்.

நான் அழுதுகொண்டே அதை எடுத்தேன். அடுத்த கன்றில் கீறினேன்.