ரெம்ஸியின் கைப்பிடி

என் அக்காவைக் கட்டிய ரெம்ஸிக்குத் தேயிலை பறிக்க வராது. படகில் ஏறினால் வாந்தி. காடை வேட்டைக்கு வல்லூறு பழக்க மட்டும் தெரியும். கருங்கடலோரம் எங்கள் மலைச்சரிவில் ஒரு மனிதனுக்கு அது போதும். காடைக் காலம் பிறந்துவிட்டால் டீக்கடையில் அவனுக்கு நாற்காலி தானாகக் காலியாகும். மற்ற மாதங்களில் அவனைப் பொறுத்துக்கொண்டது என் அக்கா ஸெஹெர்தான்.

இந்த வருடமும் பிள்ளைப்பூச்சியைக் கட்டிவைத்துக் கீச்சான் குருவியைப் பிடித்தான். அந்தக் கீச்சானைக் காட்டி, முகட்டைத் தாண்டிப் போன ஓர் இளம் வல்லூறை வலையில் விழவைத்தான். நல்ல பெட்டை. எனக்கே பொறாமையாக இருந்தது.

பிடித்த பறவையை நாங்கள் கையில் ஏந்தி டீக்கடைக்குத்தான் கொண்டுபோவோம். புகை, கூச்சல், சீட்டாட்டம் எல்லாம் அதற்குப் பழக வேண்டும். ஒரு வாரத்தில் மற்றவர்களின் பறவைகள் கையிலேயே ஒற்றைக் காலில் தூங்க ஆரம்பித்தன. ரெம்ஸியின் பறவை மட்டும் விழுந்து விழுந்து கால் கயிற்றில் தலைகீழாகத் தொங்கியது.

"என்னப்பா ரெம்ஸி, பொண்ணை சர்க்கஸ்ல சேக்கப் போறியா?" என்றான் ஷாகிர். பறவை பழக்குவதில் ரெம்ஸிக்கு அடுத்தபடி அவன்தான். வாய் விஷயத்தில் அவனுக்கு அடுத்துத்தான் எல்லோரும்.

"அவளுக்கு ரோஷம் ஜாஸ்தி. உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல."

கடையே சிரித்தது, நானும்தான். ஆனால் ரெம்ஸியின் டீ ஆறிக் கிடந்ததைக் கவனித்தேன். அவன் கிளாஸைத் தொடவே இல்லை.

வீடு திரும்பும்போது பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் காலில் கட்டிய மணி மட்டும் கிணுகிணுத்துக்கொண்டே வந்தது. நடுங்கியது அவன் கை.

"எப்பலேர்ந்து மச்சான்?"

"தேயிலை துளிர்விட்டப்பலேர்ந்து. டாக்டர் இன்னும் கூடும்னுட்டார். ஸெஹெருக்குத் தெரியாது."

என் அக்காவுக்கா தெரியாது? நெத்திலியை அவளே முள் எடுத்து அவன் தட்டில் வைப்பதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

"அப்ப இந்த வருஷம் வேற யாராவது பறவையை வீசட்டுமே."

"நான் வீசலேன்னா, அந்தக் கடையில எனக்கு என்னடா வேலை?"

வேறு ஊர்களில் பறவை தானாகக் கையை விட்டுக் கிளம்புமாம். எங்கள் வழக்கம் வேறு. சிறகோடு சேர்த்து உடலை உள்ளங்கையில் ஏந்தி, காடை எழும்பிய கணம் அதை நோக்கி வீச வேண்டும். பிடித்திருப்பதே பறவைக்குத் தெரியாத பிடி வேண்டும். இறுக்கினால் நடுக்கம் கொஞ்சம் அடங்குகிறது என்று ரெம்ஸி கண்டுபிடித்திருந்தான். வேண்டாம் என்றேன். கேட்டால்தானே.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் கடல் தாண்டி வந்த காடைகள் சோளத் தட்டைகளுக்குள் இறங்கியிருந்தன. பாதி ஊர் வரப்பில் நின்றது. வேட்டைநாய் மோப்பம் பிடித்து அப்படியே உறைந்தது. காடை விர்ரென்று எழும்பியது. ரெம்ஸி வீசினான், விரல்கள் பிரியத் தாமதமாகிவிட்டது. வல்லூறு நாலடி தள்ளித் தரையில் விழுந்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. காடை தேயிலைத் தோட்டத்துக்குள் போய் மறைந்தது.

ஷாகிர் கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் கத்தியை எடுத்து நீட்டினான்.

"பறவை மட்டம்ப்பா. மணியை அறுத்து விட்டுத் தொலை. நாளைக்கு வேற புடிக்கலாம்."

இப்படி விழுந்த பறவையை அங்கேயே விட்டுவிடுவது வழக்கம். பிடித்தவனை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சரி என்று சொல்லித் தொலையேன் மச்சான் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

ரெம்ஸி பறவையை மடியில் எடுத்து அதன் நெஞ்செலும்பை மெல்லத் தடவினான்.

"பறவை நல்லாத்தான் இருக்கு. என் கைதான் நடுங்குது. மறைக்கப் பாத்து இவளை நெரிச்சுட்டேன்."

கையை நீட்டிக் காட்டினான். பார்க்கவே கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

"அது மூச்சு நிதானமாகட்டும் ஷாகிர். அப்புறம் நீ வீசு."

வெகுநேரம் கழித்து நாய் மறுபடி உறைந்தபோது ஷாகிர் வீசினான். சோளக்கொல்லை தாண்டுமுன் காடையை அடித்து அதன் மேல் சிறகை விரித்து உட்கார்ந்தது பறவை. காடையின் நெஞ்சைப் பிளந்து பறவைக்கு ஊட்டிவிட்டு, ஷாகிர் அதை ரெம்ஸியிடம் கொண்டுவந்தான்.

"உன் பொண்ணு. வாங்கிக்க."

ரெம்ஸி இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

"நீயே வச்சுக்க. சீசன் முடிஞ்சு எல்லாரும் பறவைங்களை அவுத்து விடுவீங்கல்ல, அன்னைக்கு மட்டும் என்னைக் கூப்பிடு. விடுறதுக்கு இந்தக் கை போதும்."

ஷாகிர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு சரி என்று மட்டும் சொன்னான்.