வாய் படாமல் ஊதினேன்

நாங்கள் மெல்பேர்னுக்கு வந்த எழுபதுகளில், எந்தக் காரையும் மறித்து, சாரதி குடித்திருக்கிறாரா என்று ஊதச்சொல்லிப் பார்க்கும் சட்டம் புதிதாக வந்திருந்தது. ஒரு ஞாயிறு மாலை என்னையும் மறித்தார்கள். நான் குடிப்பதில்லை.

இளம் பொலிஸ்காரர் ஒருவர், பை பொருத்திய கண்ணாடிக் குழாயை நீட்டினார்.

"வாய் வைக்காதேங்கோ! எத்தினை பேர் ஊதினதோ," என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

செம்புத் தண்ணீரையே அண்ணாந்து குடிக்கிறவன் நான். குழாயை உதட்டில் படாமல் பிடித்து ஊதினேன். பை அசையவில்லை. மறுபடியும் அப்படியே.

அவர் முகம் இறுகியது. "சரியாக ஊதாவிட்டால் மறுத்ததாகவே எடுத்துக்கொள்வேன். மறுப்பதும் குற்றம்," என்றார். குடிக்காமலே குற்றவாளியா?

"புதுசு தரச் சொல்லிக் கேளுங்கோவன்," என்றாள் மனைவி.

"பொலிசிட்டக் கேக்கிறதோ?"

ஆனாலும் கேட்டேன். எச்சில் என்றால் என்னவென்று ஆங்கிலத்தில் விளக்க நான் பட்ட பாடு! அவர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். ஆளுக்கொரு குழாய், உறை பிரிக்காமல். முதலில் தந்ததும் புதியதுதானாம். "இதை நீங்களே பிரியுங்கள்," என்றவர், தானாகவே இன்னொன்றும் சொன்னார்: "முடிவில் சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனையும் கேட்கலாம்."

வாய் வைத்து ஊதினேன். பை நிறைந்தது. குடித்திருந்தால் மாறுமாம் குழாயின் நிறம்; மாறவில்லை.

ஊரில் பொலிஸ் என்னிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறது. நான் கேட்டதற்குப் பொலிஸ் பதில் சொன்னது அன்றுதான். இன்னும் என்னவெல்லாம் கேட்டிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வீடுவரை ஓட்டினேன்.