ரப்பர் கட்டை மேல் நிற்கும் பாட்டு

எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் ரப்பர் மரத்து அடிக்கட்டைகளின் மேல் நிற்கின்றன. கட்டைகளின் பட்டையை யாரும் சீவவில்லை. பால் வெட்டிய கோடுகள் சாய்வாக இறங்குவது இன்றைக்கும் தெரியும். கட்டைக்கும் பெட்டிக்கும் நடுவே, மூலைக்கு ஒன்றாக, நீல நிற ரப்பர் வில்லைகள். முதல் தடவை வீட்டுக்கு வருகிறவர்கள் பாட்டைக் கேட்பதற்கு முன்னால் கட்டையைத்தான் பார்ப்பார்கள். "இது யாரு செஞ்சது?" என்று அவர்கள் கேட்டால் வீட்டில் வேறு யாரையும் பேசவிட மாட்டேன், நான்தான் முந்திக்கொள்வேன். என் அக்கா செய்தது.

அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்துப் பெக்டரியில் வேலை. புகைக்கூட்டில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டு அவர் சட்டையெல்லாம் புகை மணக்கும். குடிப்பழக்கம் இல்லை, சீட்டாட்டம் இல்லை. பாட்டு மட்டும்தான். இரத்தினபுரி டவுனில் ஒரு மாணிக்கக்கல் முதலாளி வீடு மாறிப்போனபோது அவருடைய பழைய செட்டை அப்பா வாங்கிவிட்டார். ரேடியோ மாதிரி ஒரே பெட்டி இல்லை; அம்ப்ளிபயர் தனி, சீடி போடுவது தனி, ஸ்பீக்கர்கள் கோழிக்கூடு அளவில் இரண்டு. பஸ் இறங்கி மேட்டில் ஏறும்போது அப்பா தலையில் ஒரு ஸ்பீக்கர், அக்கா தலையில் ஒன்று. வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகள், எங்கள் லயமே வாசலில் நின்று பார்த்தது. நல்ல சாமானை உயரத்தில் வைப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்பது அப்பாவின் எண்ணம். நடுச்சுவரில் ஆணி அடித்து, சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே பலகை போட்டு, ஸ்பீக்கர்களை அங்கே ஏற்றிவைத்தார்.

அந்தச் சுவர் எங்களுடையது மட்டும் இல்லை. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, இரண்டு காம்பராவுக்கு நடுவே ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வாச்சர் மாமா. இராத்திரி முழுவதும் பெக்டரிக்குக் காவல் இருந்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவருடைய கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரோடுதான் ஒட்டிக்கிடந்தது.

"மச்சான், ஒங்க பாட்டு என் காதுக்குள்ள பாடல, மண்டைக்குள்ள பாடுது" என்று முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பா சத்தத்தைக் குறைத்தார். எவ்வளவு குறைத்தாலும் சுவர் மட்டும் கும் கும் என்று முனகியது. எங்கள் பக்கத்திலும் அந்தக் கும் கும்மில் பாட்டின் வார்த்தைகள் முங்கிப்போயின. அதுதான் பெரிய செட்டின் இலட்சணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாமா தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

தலைவர் வந்து சுவரில் கையை வைத்துப் பார்த்தார். "வர்ற ஞாயித்துக்கிழம திரும்ப வருவேன். அப்பவும் செவுரு அதிர்ந்துச்சுன்னா செட்டை வித்துருங்க. பகல்ல தூக்கம் கெட்ட மனுசன் ராவுல எப்படிங்க காவல் காப்பாரு?"

அது நியாயமான பேச்சு. நியாயம் என்று தெரிந்ததுதான் அப்பாவுக்கு வலித்தது. செட்டை நிறுத்தி, அம்மா பின்னிய துணியை மேலே போர்த்தினார். அதன்பிறகு வேலை விட்டு வந்தால் பிளேன்டீயைக் குடிப்பார், பலகையை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார், மரக்கறித் தோட்டத்துக்குப் போய்விடுவார். 

அக்காவால் இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பால்வெட்டுக்குப் போனவள் அவள். எங்கள் லயத்திலேயே பெரிய வாய்க்காரி. "பாட்டு மேல குத்தமில்லப்பா. செவுத்துல ஏறி ஒக்காந்தா செவுருதான் பாடும்" என்று சொல்லி, அப்பா தடுப்பதற்குள் பலகையைக் கழற்றிவிட்டாள். ஸ்பீக்கர்களை மேசை மேல் வைத்தாள். மேசை பாடியது. மெத்தையின் மேல் வைத்தாள். பாடகருக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்த மாதிரி ஆகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவின் சம்சாரம், எங்களுக்கு மாமி, உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, வாசல் வழியாகக் கத்திக் கத்தி விவரம் சொன்னார்.

"இன்னும் உறுமுதுடீ!"

"இப்ப?"

"இப்ப பூன மாதிரி."

அந்த நாட்களில் மேல்மலையில் பழைய ரப்பர் மரங்களை வெட்டி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டை என்றால் கனம், அசையாது என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. லொறிக்கார அண்ணனிடம் போய், அவருடைய சிங்களத்திலேயே, "அய்யே, மே வகே கேலி தெகக் கபலா தென்னகோ" என்று முழங்கால் உயரத்தைக் கையால் காட்டி இரண்டு துண்டு வெட்டித் தரச் சொல்லிக் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "சிந்து அஹன்ட" என்றாள். பாட்டுக் கேட்க. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். ஆனாலும் அடியும் நுனியும் மட்டமாக வெட்டிக் கொடுத்தார்.

கட்டை மேல் வைத்ததும் பாட்டு நிமிர்ந்து நின்றது. ஆனால் சிமெந்துத் தரை வழியாக இன்னும் ஏதோ ஊர்ந்து போய்ச் சுவரைத் தொட்டது. மாமி விடவில்லை. "லேசா இருக்குடீ, பொய் சொல்ல மாட்டேன்."

பால் கொண்டுபோய் ஊற்றும்போது பெக்டரி மெஷின் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றால் நடுக்கம் முழங்கால் வரைக்கும் ஏறும், செருப்போடு நின்றால் ஏறாது. தினமும் நின்ற கால்தான் அக்காவுக்கு அதைச் சொன்னது. வார் அறுந்து மூலையில் கிடந்த தன் ரப்பர் செருப்பை வட்ட வட்டமாக வெட்டிப் பெட்டிகளுக்குக் கீழே கொடுத்தாள்.

"செத்துப்போச்சுடீ!" என்று மாமி அலறினார்.

"ஐயோ, யாரு மாமி?"

"சத்தம்டீ, சத்தம்!"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அம்மா மலையில் வேலை முடித்து வந்துவிட்டார். குனிந்து பார்த்தார். "முருகன் பாட்டு வர்ற பொட்டிக்குக் கீழ செருப்பா? கண்ட எடத்தையும் மிதிச்ச செருப்பா?" ஒவ்வொரு துண்டாக உருவி வாசலில் எறிந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

அக்கா எழுந்து உள்ளே போனாள். தன் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, தீபாவளிக்கென்று வாங்கிவைத்திருந்த புது நீலச் செருப்பைக் கடைத் தாளோடு எடுத்தாள். கத்தியை எடுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"அடியே! தீவாளிக்கு என்னாத்தப் போடுவ?"

"கால் பட்டாத்தாம்மா செருப்பு. படாதது வெறும் ரப்பர்தானே. மரத்துப் பாலு. அதுக்கு என்னா தீட்டு?"

அக்கா வெட்டி முடிக்கும்வரை அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மஞ்சள் கரைத்த தண்ணீரில் அந்த வில்லைகளைக் கழுவித் துடைத்து, "தூக்குங்க" என்று அப்பாவைப் பெட்டியைத் தூக்கச் சொல்லி, தன் கையாலேயே ஒவ்வொன்றாக வைத்தார்.

மறுநாள் தலைவர் வந்தார். வாச்சர் மாமாவை வீட்டுக்குள் போய்க் கட்டிலில் படுக்கச் சொன்னார். அப்பா செட்டைப் போட்டார். வழக்கமாக வைக்கும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினார். அந்தப் பாட்டை நாங்கள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் பாடகர் அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பதை அன்றைக்குத்தான் கேட்டோம். மேளம் ஒரு பக்கமும் குரல் நடுவிலுமாகப் பிரிந்து நின்றன. அப்பா தலையைச் சாய்த்துக்கொண்டு, "இந்தப் பாட்டுல வயலின் இருக்கா?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

தலைவர் நடுச்சுவரில் கையை வைத்தார். அப்புறம் காதை வைத்தார். "என்னாங்க வாச்சரே, எப்படி இருக்கு?" என்று சத்தமாகக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். மாமிதான் வாசலுக்கு ஓடி வந்தார்.

"கத்தாதீங்க தலைவரே. மனுசன் தூங்கிட்டாரு."

தலைவர் அக்காவைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து அடுத்த பாட்டைப் போடச் சொன்னார்.

அந்தத் தீபாவளிக்கு அக்கா புதுப் பாவாடையும், வேலைக்குப் போடும், வாருக்கு ஊசி குத்திய பழைய செருப்புமாகக் கோயிலுக்கு வந்தாள். கூட்டாளிகள் விடுவார்களா? "என்னாடி, நல்ல நாளுலயும் பழசா?" என்று காலைக் காட்டிச் சிரித்தார்கள். "புதுச எங்கப்பா பாட்டுக்குப் போட்டுவுட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு முன்னால் படியேறிப் போனாள். அவளுக்குப் பின்னால் நடந்துபோன எனக்கு, ஊரே என் அக்காவைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வரைக்கும் பார்த்த முதல் ஆள் நான். இப்போது இரத்தினபுரியில் ஒரு பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒரு பொருளின் அதிர்வு இன்னொரு பொருளுக்கு எப்படிப் போகிறது, அதை எங்கே மறிக்கலாம் என்ற பாடம் வரும்போது, பலகையில் படம் வரைவதற்கு முன்னால் எங்கள் நடுச்சுவரைப் பற்றிச் சொல்லிவிடுவேன். பிள்ளைகளுக்கு அக்காவின் பெயர் மனப்பாடம்.

முதல் சம்பளத்தில் கொழும்பிலிருந்து ஒரு சோடி இரும்பு ஸ்டாண்ட் வாங்கிப் போனேன். கறுப்பு நிறம், அடியில் கூர் ஆணி, நல்ல வேலைப்பாடு. றக்வானப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன அக்காவும் அன்றைக்கு வந்திருந்தாள். அப்பா ஸ்பீக்கர்களை அதன் மேல் மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாட்டுக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். அடுத்த மாதம் நான் வீட்டுக்குப் போனபோது ஸ்பீக்கர்கள் பழையபடி ரப்பர் கட்டை மேல் இருந்தன. இரும்பு ஸ்டாண்டுகள் வாசலுக்கு இரண்டு பக்கமும் நின்றன, ஆளுக்கொரு குரோட்டன் சட்டியோடு.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

"வருத்தப்படாத தம்பி. செடி கொஞ்சமும் அதிராம நிக்குமே."