பெட்டி ஊருக்கு, ஒயர் அவனவனுக்கு

இரண்டு கிதார் பெடல்களை இணைக்கும் ஒரு சாண் ஒயரை வைத்து ஒருவன் எவ்வளவு வயிற்றெரிச்சல் படலாம் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னிடம் அனுப்பி வையுங்கள். உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் மீனவ ஊரில் ஓர் இன்னிசைக் குழு இருந்தது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் வெளியூர்க் குழுவைத் தேடி அலைவதைவிட நம் பிள்ளைகளே வாசிக்கட்டும் என்று ஊர்ப் பொதுவில் ஓர் எலக்ட்ரிக் கிதாரும் அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பும் மூன்று பெடல் பெட்டிகளும் வாங்கித் தந்தார்கள். காலால் மிதித்தால் ஒரு பெட்டி கிதாரை உறும வைக்கும். ஒன்று குழந்தை மாதிரி வாயைத் திறந்து திறந்து அழவைக்கும். மூன்றாவது எதிரொலி. மூன்றையும் ஒரு பலகைமேல் வரிசையாகப் பொருத்தியிருந்தோம். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குச் சத்தம் போவதற்கு இரண்டு முனையிலும் பின் வைத்த குட்டி ஒயர்கள் வேண்டும். அந்த ஒயர்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

கிதார் வாசிக்க இரண்டு பேர் இருந்தோம். நான் ஒருவன், என் சித்தி மகன் இன்னொருவன். அவன் எனக்கு இளையவன். எலக்ட்ரிக் கிதார் ஒன்றுதான். அதை வாசிப்பவன் ராஜா. மற்றவன் மரக் கிதாரை வைத்துக்கொண்டு ஓரத்தில் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். யார் ராஜா என்று எங்களுக்குள் சண்டை வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. ஏரியில் முகத்துவாரத்துப் பக்கம் மீன் நன்றாக விழும் இடங்களை எங்கள் ஊரில் முறை வைத்துத்தான் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு உனக்கு, அடுத்தது எனக்கு. அதற்குப் பாடு என்று பேர். கிதாருக்கும் பாடு வைத்துவிட்டார்கள். ஒரு கச்சேரி எனக்கு, அடுத்த கச்சேரி அவனுக்கு.

அந்த உப்புக் காற்றில் ஒயர் அடிக்கடி கெட்டுப்போகும். உன் முறையில் கெட்டதா, என் முறையில் கெட்டதா என்று மறுபடியும் தகராறு. ஊர்த் தலைவர் அலுத்துப்போனார்.

"பாடு ஊருக்கு, வலை அவனவனுக்கு. அதே மாதிரிதான் இதுவும். பொட்டி ஊருக்கு, ஒயர் அவனவனுக்கு. இதுல இன்னா பேச்சு கீது?" என்றார்.

அன்றிலிருந்து அவனவன் முறைக்கு அவனவன் ஒயரைக் கொண்டுவந்து மாட்ட வேண்டியதாயிற்று.

இனி என் பிரச்சினைக்கு வருகிறேன். அவன் முறை வந்தால் கிதார் பேசும். என் முறை வந்தால் கிதார் ஒலிக்கும், அவ்வளவுதான். இதை நான் சொல்லவில்லை, டீக்கடையில் சொன்னார்கள், நான் அங்கே இருப்பது தெரிந்தே சொன்னார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் நைனா இருக்கிறாரே, நான் வீட்டில் எவ்வளவு பழகினாலும் வலை முடைகிற ஊசியை ஒரு நொடி நிறுத்தியது கிடையாது. சித்தி மகன் வந்து உட்கார்ந்து நாலு கம்பியை மீட்டினால் ஊசி நின்றுவிடும். அவர் தலை நிமிர்வதுகூட இல்லை, ஊசி மட்டும் நிற்கும்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். கிதார் ஒன்றே. பெட்டிகள் அதே பெட்டிகள். ஆம்பும் அதே ஆம்ப். அவனுக்கும் எனக்கும் வேறாக இருப்பது ஒயர் மட்டும்தான். ஆகவே விஷயம் ஒயரில் இருக்கிறது. இதில் ஓட்டை ஏதும் எனக்குத் தெரியவில்லை.

அவனுடைய ஒயரைப் போய்ப் பார்த்தேன். ஒளித்து மறைத்தெல்லாம் வைக்கவில்லை, கேட்டவுடன் கையில் கொடுத்தான், அதுவே எனக்கு எரிச்சல். மைக் செட்காரர் தூக்கிப் போட்ட பழைய மைக் ஒயரைத் துண்டு போட்டு, பித்தளைப் பின் வைத்து, பிரிந்த இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தான். பின்னில் பச்சையாகக் களிம்பு. வாசிப்பதற்கு முன் வேட்டி முனையால் தேய்ப்பானாம்.

"இதுலயா வாசிக்கிற?" என்றேன்.

"ஓடுதுல்லண்ணா," என்றான்.

இந்தக் குப்பையிலிருந்தா அந்தச் சத்தம் என்று நினைக்க நினைக்கத் தாங்கவில்லை. பொன்னேரிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ரயில் ஏறி, மெட்ராசில் ரேடியோ சாமான் விற்கும் தெருவுக்குப் போனேன். கடைக்காரர் எடுத்துப் போட்டதில் தடியாக, கறுப்பாக, பார்க்கவே மிடுக்காக இருந்த ஒயரைத் தேர்ந்தெடுத்தேன். பளபளவென்று வெள்ளை முலாம் பூசிய பின்கள். ஊருக்கு வந்து மைக் செட்காரரிடம் பற்றவைக்கக் கொடுத்தபோது ஒவ்வொன்றையும் இரண்டு முழம் விட்டு வெட்டச் சொன்னேன். ஏனென்றால் நான் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவன். படகில் எந்தக் கயிற்றையும் அளவாக வெட்டினால் அலை தூக்கும்போது அது வெடுக்கென்று அறுந்துவிடும். தாராளமாக விட்டுக் கட்டுவதுதான் எங்களுக்குத் தெரிந்த நியாயம். பெட்டிகளுக்கு நடுவில் இடைவெளி ஒரு சாண்கூட இல்லை. மிச்ச ஒயரையெல்லாம் அழகாகச் சுருட்டி, ஆம்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

என் முறை வந்தது. ஆம்பிலிருந்து தேனீக் கூட்டைக் கலைத்தது மாதிரி ஓர் இரைச்சல். கிதாரின் கூர்மை முழுவதும் போய், போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. கூட்டத்தில் யாரோ, "இன்னா, மோட்டார் லாஞ்ச் கிளப்புறாங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஓரத்தில் மரக் கிதாருடன் இருந்த சித்தி மகன் மட்டும் சிரிக்கவில்லை. அவனும் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுபடியும் அதே தெருவுக்குப் போனேன். இந்த முறை ஒயரின் தடிமனைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ரகத்திலும் தோலைச் சீவிக் காட்டச் சொன்னேன். உள்ளே நடுக்கம்பியைச் சுற்றி மெல்லிய செம்புப் பின்னல் ஒன்று இருக்கும். இரைச்சல் உள்ளே நுழையாமல் தடுப்பது அதுதான் என்றும், ஒயர் நீளமானால் கிதாரின் கூர்மை போய்விடும் என்றும் கடைக்காரர் சொன்னார். அப்படிச் சொன்னது போதும், அதன்பிறகு அவர் யோசனை எனக்குத் தேவைப்படவில்லை. வலைக் கண்ணைப் பார்ப்பது போல ஒவ்வொரு பின்னலையும் விரலில் விரித்துப் பார்த்தேன். கண் பெரிதாக இருந்ததையெல்லாம் தள்ளினேன். சென்னாகூனி இறால்கூடத் தப்ப முடியாத அளவுக்கு நெருக்கமாக ஒன்று கிடைத்தது. பெட்டியை ஒட்டி மடங்கி உட்காருகிற வளைந்த பின்களை வாங்கினேன். ஊருக்கு வந்து ஒரு சாணுக்கு மேல் போகாமல் வெட்டிப் பற்றவைத்தேன். மாட்டிப் பார்த்தால் இரைச்சல் என்பதே இல்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அவற்றை எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. எங்கள் ஊரில் இறால் எடுக்கும் ஏஜென்டின் மைத்துனர் மெட்ராசில் பெரிய இன்னிசைக் குழு வைத்திருந்தார். அவருடைய கிதார்க்காரர் துபாய்க்குப் போய்விட்டாராம். ஆவணித் திருவிழாவுக்கு வந்து எங்கள் வாசிப்பைக் கேட்டு, பிடித்திருந்தால் ஒருவனைக் கூட்டிப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். திருவிழாவில் இரண்டு நாள் கச்சேரி. முதல் நாள் பாடு என்னுடையது. அவர் வருவதும் முதல் நாள்தான். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் நடக்கும் வாழ்க்கையிலிருந்து நான் வெளியேற ஒரே வழி அந்த மேடைதான் என்று உறுதியாக நம்பினேன். மெட்ராசில் வேட்டிக்குப் பதில் என்ன போடுவது என்பது வரை முடிவு செய்துவிட்டேன்.

திருவிழாவின் முதல் நாள் சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மேடைப் பந்தலைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. பெட்டிகளைத் தார்ப்பாயில் சுற்றிக் கோயிலுக்குள் கொண்டுபோனதுதான் மிச்சம். மெட்ராஸ்காரர் ஏஜென்ட் வீட்டில் தங்கிவிட்டார். மறுநாள் என்னை முதலில் வாசிக்கவிடுங்கள் என்று தலைவரிடம் போய் நின்றேன்.

"காத்துல போன பாடு போனதுதான்பா. அடுத்தவன் முறையைத் தள்ள முடியுமா? ஏரில செய்வியா நீ?" என்றார்.

ஏரியில் செய்யமாட்டேன்தான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. மறுநாள் மாலை மேடையில் சித்தி மகன் ஒயரை மாட்டினால் கரகரவென்ற சத்தம் மட்டும்தான் வந்தது. முந்தின நாள் காற்றில் அவன் வீட்டுக் கூரை பறந்து, மழையில் ஒயரெல்லாம் ஊறிப்போயிருந்தது. பெரியவர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, நடுவில் மெட்ராஸ்காரர். அவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணா, உன் ஒயரு இருந்தா குடேன்."

எங்கள் ஊரில் பாடு போகிறவன் வலை கிழிந்து நின்று, கரையில் சும்மா கிடக்கும் வலையைக் கேட்டால் யாரும் மறுக்கக்கூடாது. அது அவனுக்கும் தெரியும், முன்வரிசைக்கும் தெரியும். எடுத்துக் கொடுத்தேன். ஆனால் கொடுக்கும்போது மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அவனுடைய சத்தம் அந்தக் குப்பை ஒயரில்தான் இருந்தது என்றால் இன்றைக்கு அது வராது, ஊர் பார்க்கட்டும். நன்றாக வந்தால் அது என் ஒயர், நானே போய் மெட்ராஸ்காரரிடம் சொல்வேன். எப்படிப் போனாலும் எனக்கு நல்லதுதான் என்று மரக் கிதாரைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் நின்றேன்.

அவன் வாசித்தான். என் ஒயரில் அவன் சத்தம் வந்தது. பழைய மைக் ஒயரில் எது வந்ததோ அதேதான், கொஞ்சமும் கூடவில்லை, குறையவில்லை. நான் செம்புப் பின்னலை விரலில் விரித்துத் தேடித் தேடி எடுத்ததன் வாசனையே அதில் இல்லை. முன்வரிசையில் நைனா மடியில் கை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாளம் தப்பியது. யாரும் கவனிக்கவில்லை.

கச்சேரி முடிந்ததும் மெட்ராஸ்காரர் அவன் தோளில் கை போட்டுப் பேசினார். நான் போய் ஒயரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

மறுநாள் அவன் ஒயர்களைத் துடைத்து, ஒழுங்காகச் சுருட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். "நல்ல ஒயருண்ணா," என்றான்.

"மெட்ராசுக்கு எடுத்துக்கினு போ," என்றேன். பெருந்தன்மையெல்லாம் இல்லை. அங்கே அவன் வாங்கப்போகும் பேரில் என் ஒயருக்கும் ஒரு பங்கு இருக்கட்டுமே என்றுதான்.

"வேணாண்ணா, உனக்கு ஓணுமில்ல. அங்க இன்னா ஒயர் கீதோ அதுலயே வாசிச்சிக்கிறேன்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அவன் குரலில் அப்படி எதுவும் இல்லை. எந்த ஒயர் கிடைத்தாலும் சரி என்று அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். அந்த ஒரு பேச்சுக்காக அவன்மேல் எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால், அதுவரை நான் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை.